கடைசி அலசல்

பிலிம் கழுவத் தெரிந்த கடைசித் தலைமுறை நாங்கள்தான் என்று பத்துப் பதினைந்து வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். டிஜிட்டல் வந்தது, செல்போன் வந்தது, 2012 ஜனவரியில் கோடாக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது, ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடிவிட்டார்கள். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு தொழில் செத்துப்போனால் அதில் வேலை பார்த்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் சொல்வதுதான் சரித்திரம். மறுத்துப் பேச ஆள் இருக்காது.

இப்போது ஆள் வந்துவிட்டது. என் தம்பி மகள். சென்னை துரைப்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனி வேலை, பக்கத்திலேயே வாடகை வீடு, தோளில் அவளைவிட வயது கூடிய ஒரு பென்டாக்ஸ் கே1000. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்:

"பெரியப்பா, உங்க காலத்துல வெட்டிங் ஏஜென்ட் எது? கோடாக்கா, இல்போர்டா?"

அடுப்படியில் இருந்த என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஆவலோடு எட்டிப் பார்த்தாள். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணத் தரகரை விசாரிக்கிறாள் என்று நினைத்துவிட்டாள். கழுவி முடித்த பிலிமுக்குக் கடைசித் தண்ணீரில் விடுகிற சொட்டு மருந்தைப் பற்றிய பேச்சு என்று தெரிந்ததும் மறுபடி உள்ளே போய்விட்டாள்.

தம்பி மகள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். கோடாக் போட்டோ-ப்ளோ 200 ஒரு பாட்டில், 473 மில்லி. மருந்துக்கடையில் வாங்கிய ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர். டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேன். ஒரு பங்கு மருந்துக்கு 200 பங்கு தண்ணீர் என்பது கணக்கு. அரை லிட்டருக்கு இரண்டரை மில்லி போதும். அந்த ஒரு பாட்டிலில் 189 ரோல் அலசலாம். மாதம் இரண்டு ரோல் எடுக்கிறவளுக்கு ஏழு வருஷத்துக்கு மேல் வரும். அதற்குள் அந்தக் கம்பெனி எத்தனை கை மாறுமோ என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிலிமை டெவலப்பரில் போட்டு, ஹைப்போவில் போட்டு, பிறகு தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். ஹைப்போ கொஞ்சம் தங்கினாலும் நாளாவட்டத்தில் படம் பழுப்பேறும், மங்கும். அலசி முடித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டதும் வேலை தீர்ந்தது என்று நினைப்பவன் புதுசு. தலைவலியே அதற்குப் பிறகுதான். பிலிமின் முதுகுப் பக்கம் தண்ணீர் பரவி நிற்காது. வாழையிலையில் தெளித்த மாதிரி முத்து முத்தாக நிற்கும். ஒவ்வொரு முத்தும் காயும்போது தன்னிடம் கரைந்திருக்கிற சுண்ணாம்பையும் உப்பையும் விளிம்புக்குத் தள்ளி அங்கேயே விட்டுவிட்டுப் போகும். காய்ந்தபின் பார்த்தால் வெள்ளை வளையம். ஜெலட்டின் பூசிய பக்கத்தில் சொட்டு நின்றுவிட்டால் இன்னும் மோசம். சுற்றியிருக்கும் இடம் முதலில் காய்ந்து இறுகும். சொட்டுக்கு அடியில் இருப்பது பிறகு காயும். அந்த இடத்தில் படத்தின் அடர்த்தியே மாறிவிடும். முதுகுப் பக்கக் கறையைத் துடைக்கலாம். இதைத் துடைத்தாலும் போகாது.

ஆகவே இரண்டு வேலை நடக்க வேண்டும். தண்ணீர் முத்தாகத் திரளாமல் தகடாக வழிந்து ஓட வேண்டும். அதற்குத்தான் வெட்டிங் ஏஜென்ட். வழிந்தது போக ஒட்டி நிற்கிற தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. அதற்குச் சுத்தத் தண்ணீர். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பாதி வைத்தியம்தான். உப்புத் தண்ணீரில் மருந்தை விட்டால் வளையத்துக்குப் பதிலாக மெல்லிய சாம்பல் படலம் கிடைக்கும். டிஸ்டில்ட் வாட்டரில் மருந்து விடாமல் எடுத்தால் உப்புக் கறை வராது, ஆனால் ஜெலட்டின் பக்கம் சொட்டு காய்ந்த தடம் வரும்.

இதையெல்லாம் அவள் என்னிடம் விளக்கினாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இதே பாடத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

1976ல் நான் ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்த ஊர் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985ல் மாவட்டத்தைப் பிரித்தபோது விருதுநகர்ப் பக்கம் போயிற்று. மாவட்டம் மாறியதே தவிர தண்ணீர் மாறவில்லை. தெருக் குழாயில் வருவது, கிணற்றில் இறைப்பது, அடி பம்பில் அடிப்பது எல்லாமே உப்பு. நல்ல தண்ணி வேண்டுமென்றால் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருகிறவனிடம் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். குடிக்கிற தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு ஆதாரம் இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இன்றைய இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. அந்த 'வேறு ஆதாரம் இல்லையென்றால்' என்ற வரி எங்கள் ஊரை மனதில் வைத்து எழுதியது மாதிரியே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் நாங்கள் கழுவியதில் பாதிக்கு மேல் ஊட்டிப் பிலிம். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' 120 ரோல். 1967ல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. தூசியில்லாத குளிர்க்காற்றைத் தேடிப்போய் மலைமேல் கட்டினார்கள். மீதி, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ. இப்படி மலையிலும் சீமையிலும் பொத்திப் பொத்திச் செய்த பிலிம், கடைசியில் கரிசல் காட்டுக்கு வந்து, சித்திரை வெயிலில் சூடேறிய உப்புத் தண்ணீரில் குளித்தது. டெவலப்பருக்கு 20 டிகிரி என்று அட்டையில் போட்டிருப்பான். எங்கள் குழாயில் மே மாதம் அந்த 20 டிகிரியை யாரும் பார்த்ததில்லை. சோடா, கலர் விற்கிற கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து தட்டைச் சுற்றி அடுக்குவோம். ஜெலட்டின் இளகிவிடாமல் இருக்க ஹைப்போவில் படிகாரம் சேர்ப்போம். நாட்டுமருந்துக் கடையில் முகச்சவரத்துக்கு விற்கிற படிகாரத்துக்கும் இதற்கும் ஜாதி ஒன்றுதான், சுத்தத்தில்தான் வித்தியாசம்.

ஸ்டூடியோ முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். டாங்க், ரீல் எதுவும் கிடையாது. கும்மிருட்டில் பிலிமின் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துத் தட்டில் மேலும் கீழுமாக இழுப்பார். வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். நடுவில் யாராவது கதவைத் தட்டினால் எண்ணிக்கையை விடாமல் அதே ராகத்தில் திட்டுவார். அவருக்கு இருந்த கெட்ட பெயர் கஞ்சன் என்பது. டெவலப்பரைத் தேய்ந்து மஞ்சளாகும் வரை விடமாட்டார், பேப்பரை ஓரம் வீணாகாமல் வெட்டுவார், எங்கள் டீக்குச் சர்க்கரை குறைப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ராஜா.

"ஏலே, எதுல வேணாலும் கஞ்சத்தனம் பண்ணு. கடைசித் தண்ணியில பண்ணாத."

அந்தக் கடைசித் தண்ணீர் மழைத் தண்ணீர். ஐப்பசியில் மேகம் கறுத்ததும் அண்ணாச்சி படம் எடுப்பதை நிறுத்திவிடுவார். மொட்டை மாடியில் நாலு கம்பு நட்டு, துவைத்த எட்டுமுழ வேட்டியை நாலு முனையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போடுவார். கல் அழுத்திய இடத்துக்கு நேர் கீழே அண்டா. முதல் மழையைப் பிடிக்க விடமாட்டார். அது ஊர்த் தூசியைக் கழுவிக்கொண்டு வரும். இரண்டாவது, மூன்றாவது மழைதான் கணக்கு. வேட்டியில் இறங்கிய தண்ணீரை ஊறுகாய்ப் பரணியிலும் கண்ணாடி ஜாரிலும் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, இருட்டறை அலமாரியில் வரிசையாக வைப்பார். கார்த்திகை முடிந்தால் அடுத்த ஐப்பசி வரைக்கும் அதுதான் கையிருப்பு. 2003ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாண சீசன் கட்டாயப்படுத்தியது.

இந்தக் கையிருப்புக்கு ஒரே ஒரு எதிரி இருந்தது, அண்ணாச்சியின் மனைவி. மதினி. உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கும். மழைத் தண்ணீரில் போட்டால் மலர்ந்துவிடும். வீடும் ஸ்டூடியோவும் ஒரே கட்டிடம். அமாவாசை, கிருத்திகை, விருந்தாள் வரும் நாள் என்றால் அலமாரியில் ஒரு ஜாரின் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அண்ணாச்சி ஜாரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். மதினி கோட்டைத் துடைத்துக் கீழே போட்டாள். அன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தால் அவர் முகம் சுருங்கும். "இன்னைக்கு ரெண்டு ரோலைக் குடிச்சுட்டோம்ல" என்பார் எங்களிடம், சாப்பிட்டு முடித்த பிறகு.

மருந்து வேறு. போட்டோ-ப்ளோ என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அக்ஃபா கம்பெனியின் அகெபான் மதுரைப் பெரிய ஸ்டூடியோக்களில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் இருட்டறையில் இருந்தது டீபால். ஆஸ்பத்திரியில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற திரவ சோப்பு. கம்பவுண்டருக்கு வருஷம் ஒரு குடும்பப் படம் இலவசம். பதிலுக்கு ஒரு பென்சிலின் குப்பி நிறைய டீபால். ஒரு குண்டான் மழைத் தண்ணீருக்கு இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டு விழுந்தால் அண்ணாச்சி அந்தத் தண்ணீரையே கொட்டிவிடச் சொல்வார், கொட்டும்போது அவர் முகம் வாடிப்போகும். எனக்கு முன்பு வேலை பார்த்த பையன் 'நிறைய விட்டால் நிறையப் பளபளப்பு' என்று ஒரு மூடி ஊற்றினானாம். பிலிம் முழுக்க நுரைக்கோடு, காய்ந்தபின் பிசுபிசுப்பு. அவன் பிறகு தையற்கடைக்குப் போய்விட்டான் என்று சொல்வார்கள்.

கலக்கும்போது குலுக்கக் கூடாது, நுரை வரக்கூடாது. பிலிமை உள்ளே விட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். தூக்கும்போது மெதுவாக, சாய்வாக. பஞ்சை அதே தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதுகுப் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இரண்டாவது இழுப்பு கிடையாது. பஞ்சில் ஒரு மணல் துகள் இருந்தால் ரோல் நெடுக ரயில் தண்டவாளம். கரிசல் காற்று அடிக்கிற ஊரில் துகள் இல்லாமல் இருக்குமா? கதவை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, எங்களையும் வெளியே அனுப்பிவிடுவார். இருமுகிறவனுக்கு ஒரு மணி நேரம் லீவு.

கடைசித் தண்ணீரின் அருமை ஊருக்குத் தெரிந்தது ஒரு பங்குனி மாதத்தில். ஜார் எல்லாம் காலி. ஐப்பசிக்கு ஏழு மாசம் இருந்தது. நல்ல தண்ணி வண்டியும் மூன்று நாளாக வரவில்லை. குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சுத்தமாகிவிடும் என்று யாரோ யோசனை சொல்ல, அதில் ஒரு ரோல் அலசினோம். கொதிக்கவைத்தால் ஒரு வகைச் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் படியும், உண்மைதான். மற்ற உப்பெல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் சுண்டிய அளவுக்கு இன்னும் கூடும். அந்த ரோலில் பெண் பார்க்க அனுப்புகிற படம் ஒன்று இருந்தது. அவசரம் என்று பெண்ணின் தகப்பனார் ஈரம் காயுமுன்பே பிரிண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நெகட்டிவில் சுண்ணாம்பு நின்ற இடத்தில் வெளிச்சம் சரியாக ஊடுருவாது. பிரிண்டில் அந்த இடம் வெளுத்துத் தெரியும். அது சரியாகப் பெண்ணின் இடது கன்னத்தில், எட்டணா அகலத்துக்கு விழுந்திருந்தது. நாலாம் நாள் தகப்பனார் பிரிண்டோடு வந்து நின்றார்.

"மாப்பிள்ளையோட அம்மா கேக்குறா, பொண்ணுக்குத் தேமல் எத்தன வருசமா இருக்குன்னு!"

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. பிரிண்டை வாங்கி ஜன்னல் பக்கம் வைத்து, மூன்று சுழி (000) பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்கி, மையைத் தொட்டு, புறங்கையில் ஒற்றிக் காயவைத்து, புள்ளி புள்ளியாக வைத்தார். அரை மணியில் தேமல் குணமாகிவிட்டது. தகப்பனார் பார்த்துவிட்டு இன்னும் கோபப்பட்டார். இதை இப்போது கொண்டுபோய்க் காட்டினால், மறைத்துவிட்டார்கள் என்றல்லவா பேசுவார்கள்? நியாயம்தான். கடைசியில் பேட்டரி சார்ஜ் பண்ணுகிற கடையிலிருந்து டிஸ்டில்ட் வாட்டர் ஒரு பாட்டில் கடன் வாங்கி, பெண்ணை மறுபடி உட்காரவைத்து எடுத்து, அதில் அலசினோம். கல்யாணம் நடந்தது. கல்யாணப் படம் வேறு ஸ்டூடியோ எடுத்தது.

இனி துரைப்பாக்கம்.

தம்பி மகள் முதன்முதலில் பிலிம் கழுவியபோது கடைசி அலசலுக்கு மினரல் வாட்டர் வாங்கியிருக்கிறாள். கடையில் கிடைப்பதிலேயே சுத்தமானது அதுதானே என்ற எண்ணம். நெகட்டிவில் வளையம் வந்ததும் பாட்டிலைத் திருப்பிப் படித்திருக்கிறாள். கால்சியம், மக்னீசியம் எல்லாம் எவ்வளவு என்று பெருமையாக அச்சடித்திருந்ததாம். நாங்கள் எதை ஒழிக்க வேட்டியைக் கட்டினோமோ அதைக் காசு வாங்கிக்கொண்டு சேர்த்துத் தருகிறார்கள். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, அது உப்பை எடுத்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று ஒரு குழாய் வழியாகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பப் போடுகிறது. அந்தக் குழாயைக் கழற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டாளாம். "கழட்டுனா வாரண்டி போயிடும் மேடம்" என்று அவர் மறுத்துவிட்டார்.

ஆகவே டி.டி.எஸ். மீட்டர் வாங்கியாயிற்று. ஒரு மாதம் கையில் அகப்பட்ட தண்ணீரிலெல்லாம் முக்கிப் பார்த்திருக்கிறாள். போர்வெல் ஆயிரத்துக்கு மேல். லாரித் தண்ணீர் ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொன்று. கேன் தண்ணீர் பரவாயில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் இவை எல்லாவற்றையும் விடக் குறைவு.

"காத்துல இருக்குற ஈரம்தானே பெரியப்பா குளிர்ந்து சொட்டுது? கிட்டத்தட்ட டிஸ்டில்ட்." ஆனால் அதில் ஏ.சி. கம்பிச்சுருளின் தூசியும் பூஞ்சையும் வரும் என்று பயந்து விட்டுவிட்டாள். நல்லதுதான். அண்ணாச்சி இருந்திருந்தால் வேட்டியில் வடிகட்டியிருப்பார்.

அலசுவதில் அவள் எங்களைவிடச் சிக்கனம். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஓடுகிற குழாயடியில் அரை மணி நேரம் விடுவது பெரிய நகரத்து ஸ்டூடியோக்களின் வழக்கம். இவள் இல்போர்டு கம்பெனி சொல்லும் முறையில் செய்கிறாள். டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டு. மறுபடி நிரப்பி 10 தடவை. மறுபடி 20 தடவை. மூன்று டாங்க் தண்ணீரில் ஹைப்போ போய்விடுகிறது. 2019ல் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையில் அவள் கல்லூரியை முடித்து ஹாஸ்டல் அறையில் பக்கெட் பங்கு பிரித்துக்கொண்டிருந்தவள். தண்ணீரை எண்ணத் தெரிகிறது. எங்கள் ஊரிலிருந்து அவளுக்குப் போயிருக்கிற ஒரே சொத்து அது.

ஆனால் டாங்கும் ரீலும் வந்ததில் புதிதாக ஒரு வம்பு. மருந்துத் தண்ணீரை ரீலோடு சேர்த்து டாங்கிலேயே விட்டால், பிளாஸ்டிக் ரீலின் பள்ளத்தில் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். அடுத்த முறை இருட்டில் பிலிமை ஏற்றும்போது பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே பிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனிக் கிண்ணத்தில் முக்கி எடுக்க வேண்டும். அதாவது, இரண்டு முனையையும் கையில் பிடித்து மேலும் கீழும். அண்ணாச்சி கும்மிருட்டில் செய்ததை இவள் எல்.இ.டி. வெளிச்சத்தில் செய்கிறாள். எண்ணுவதற்கு மட்டும் ஆப் வைத்திருக்கிறாள்.

காய்ந்ததும் பிரிண்ட் போடுவாள் என்று நினைத்தேன். இல்லை. ஸ்கேனரில் போட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுகிறாள். அப்படியென்றால் கறையை அங்கேயே அழித்துவிடலாமே, இத்தனை தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். பாவம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தூசியையும் கீறலையும் தானாகக் கண்டுபிடித்து நீக்குகிற வசதி ஸ்கேனரில் உண்டாம். அகச்சிவப்பு ஒளியை விட்டுப் பார்த்து, அது எங்கே தடைபடுகிறதோ அங்கே தூசி என்று முடிவு பண்ணும். கலர் நெகட்டிவில் படம் சாயத்தால் ஆனது. சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளி அகச்சிவப்பை மறித்துவிடும். ஸ்கேனரின் பார்வையில் பெண்ணின் கண்ணும் கூந்தலும்கூடத் தூசிதான். ஆகவே அந்த வசதி இங்கே செல்லாது. ஒவ்வொரு வளையத்தையும் மவுஸால் புள்ளி புள்ளியாகத்தான் அழிக்க வேண்டும். பல ஆயிரம் டாலர் விஞ்ஞானம் கடைசியில் மூன்று சுழி பிரஷ்ஷிடமே வந்து சேர்ந்திருக்கிறது. நாக்கில் வைத்துக் கூராக்க வேண்டியதில்லை, அது ஒன்றுதான் லாபம்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அவளுடைய சிநேகிதி ஒருத்தியும் அன்று வந்திருந்தாள். பிலிம் எல்லாம் தொந்தரவு என்று செல்போனிலேயே எடுக்கிறவள். ஆனால் படம் 'பழசு மாதிரி' இருக்க வேண்டும் என்று ஒரு ஆப்புக்கு மாதச் சந்தா கட்டுகிறாள். ஒரு பொத்தானைத் தொட்டால் துகள் வருகிறது, இன்னொன்றைத் தொட்டால் கீறல் வருகிறது. மூன்றாவது பொத்தானைத் தொட்டாள். படத்தின் ஓரத்திலும், சிரித்துக்கொண்டிருந்த அவள் கன்னத்திலும் வெளுத்த வட்டங்கள் வந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். தண்ணீர் காய்ந்த வளையம். விளிம்பு கனமாகவும் நடு மெலிந்தும், சுத்தமான உப்புத் தண்ணீர் வளையம். எங்கள் ஊர்க் குழாயில் வந்தது மாதிரி அவ்வளவு பொருத்தம்.

"அழகா இருக்குல்ல அங்கிள்? ப்ரீமியம் வெர்ஷன்ல மட்டும்தான் வரும்."

தம்பி மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தேமல் பெண்ணின் தகப்பனார் இப்போது உயிரோடு இருந்தால் எண்பதுக்கு மேல் இருக்கும். எட்டணாத் தேமலுக்காகப் பஸ் பிடித்து வந்து சத்தம் போட்ட மனிதர். அதையே இன்றைக்குச் சந்தா கட்டி வாங்குகிறார்கள் என்று யார் போய்ச் சொல்வது?

எனக்கு இதில் கட்சி உண்டு. நான் மீட்டர்க்காரியின் பக்கம். அவள் செய்வது கொஞ்சம் அதிகம்தான். 5 லிட்டர் கேனை ஆன்லைனில் வரவழைப்பதற்குப் பதிலாகத் தெருமுனைப் பேட்டரிக் கடையில் வாங்கினால் பாதி விலை. ஆனால் கறை வராமல் இருக்கப் பாடுபடுகிறவள், கறையை விலைக்கு வாங்குகிறவளைவிட எனக்கு நெருங்கிய சொந்தம். இரத்த உறவு என்பதற்காகச் சொல்லவில்லை.

நம் வீடுகளில் அலமாரியின் அடித்தட்டில், பிஸ்கட் டப்பாவில், கல்யாண ஆல்பத்தின் பின்னட்டைக் கவரில் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் கிடக்கின்றன. பிரிண்ட் தொலைந்திருக்கும், நெகட்டிவ் இருக்கும். அதில் வெள்ளை வளையம் தெரிந்தால் ஈரத்துணி, எச்சில், சட்டை முனை எதையும் வைத்துத் துடைக்காதீர்கள். புளித்த காடி வாசனை அடித்தாலோ, பிசுபிசுத்தாலோ, படலம் உரிந்து எழும்பியிருந்தாலோ தண்ணீர் காட்டவே கூடாது. அப்படியே ஸ்கேன் பண்ணிவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிற நெகட்டிவ் என்றால், முக்கியமில்லாத ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டரில் பத்து நிமிஷம் ஊறவையுங்கள். பிறகு புதிதாக அரை லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டரை மில்லி வெட்டிங் ஏஜென்ட் விட்டு, நுரைக்காமல் ஒரு நிமிஷம் முக்கி, விசிறி இல்லாத அறையில் தொங்கவிடுங்கள். முதுகுப் பக்க வளையம் பெரும்பாலும் போய்விடும். ஜெலட்டின் பக்கத்து வளையம் போகாது. மருந்துக்காக முழுப் பாட்டில் வாங்க வேண்டாம். தம்பி மகளிடம் இன்னும் 180 ரோலுக்குப் பாக்கி இருக்கிறது. கேட்டால் சிரிஞ்சில் எடுத்துத் தருவாள்.